“பேஸ் இருக்கா?” என்று கேட்பதை நிறுத்துவோம்

ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா, எந்த டவுன்ல எந்த போன் கடைக்குள்ள நுழைஞ்சாலும் இயர்பட்ஸ் வாங்க வர்றவங்க கேட்கிற முதல் கேள்வி ஒண்ணுதான்: “அண்ணே, பேஸ் இருக்கா?” கடைக்காரர் ஒரு குத்துப் பாட்டைப் போட்டு, வொலியூமை முழுசா ஏத்தி, காதுல மாட்டிவிடுவார். மண்டைக்குள்ள தும் தும்னு இடிக்கும். “வேற லெவல்ண்ணே.” அரை நிமிஷத்தில் காசு கைமாறிவிடும்.

இந்தக் கட்டுரை அந்தக் கேள்விக்கு எதிரானது. மலிவான இயர்பட்ஸுக்கு எதிரானது இல்லை. மலிவாக வாங்குவதில் ஒரு வெட்கமும் கிடையாது; நம்மில் முக்கால்வாசிப் பேருக்கு வேறு வழியும் கிடையாது. நான் சொல்ல வருவது இதுதான்: நம்ம காதுக்கு மோசமான சத்தம் வந்து சேர்வதற்குக் காரணம் நம்மிடம் காசு குறைவாக இருப்பது மட்டுமில்லை. பேஸை மட்டும் அளவுகோலாக வைத்துக்கொண்டு, ஒன்றுக்கொன்று ஒப்பிடாமலேயே வாங்குவதுதான் பெரிய காரணம். குறைந்த விலையிலேயே நல்ல சத்தம் இருக்கிறது. அதைத் தாண்டிப் போய், கூடுதல் காசு கொடுத்து, மோசமானதை வாங்கிக்கொண்டு வருகிறோம்.

விலையைப் ‘பேர்’ கணக்கில் பார்ப்போம்

தோட்டத்தில் ஒரு நாள் முழு வேலை என்றால் ஒரு பேர். 1000 ரூபா கேட்டு வருஷக்கணக்காகக் கத்தி, அது 2021இல் கிடைத்தது. 2024 செப்டெம்பரில் நாளுக்கு அடிப்படைச் சம்பளம் 1350 ரூபா என்று வர்த்தமானி வந்தது. கணக்குக்கு அதையே வைத்துக்கொள்வோம். சேமலாப நிதிக்கு 8 வீதம் வெட்டினால் கையில் 1242. சரி, இயர்பட்ஸ் விலை 7000 ரூபா என்று வையுங்கள். ஐந்தரைப் பேருக்கு மேல். அதாவது நம்ம அம்மா கிட்டத்தட்ட ஒரு வாரம் மலையேறி, அட்டைக்கடியில நின்னு, ஒவ்வொரு நாளும் சொன்ன கிலோ கொழுந்தைக் குறையாமல் நிறுத்துக் கொடுத்த காசு.

அந்தக் காசு அரை நிமிஷத்தில் ஒரு குத்துப் பாட்டை வைத்து முடிவாகிறது. ஒரு கிலோ கத்தரிக்காய் வாங்கினாலே திருப்பித் திருப்பிப் பார்த்து வாங்குகிற சனம் நாம.

பெட்டியில் இருக்கிற நம்பர்கள்

பேஸுக்கு அடுத்தபடியாக நம்மை ஏமாற்றுவது பெட்டி. அதில் இருப்பவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

“13 எம்எம் டிரைவர்.” டிரைவர் என்பது உள்ளே துடிக்கிற சின்ன ஸ்பீக்கர். பெரிசா இருந்தா நல்ல சத்தம் என்று எந்த விதியும் இல்லை. கியூசிவை டி13இல் இருப்பது 7.2 எம்எம். ரெட்மி பட்ஸ் 4 ஆக்டிவில் 12 எம்எம். மூன்ட்ரொப் நிறுவனம் 2022இல் சுமார் 20 டொலருக்கு விட்ட ‘சூ’ என்ற வயர் இயர்போனில் 10 எம்எம். அளவுதான் தரம் என்றால் இதில் ரெட்மிதான் முதலில் நிற்க வேண்டும். ஆனால் அந்த விலையில் சமநிலையான சத்தத்துக்கு உதாரணமாக, அளந்து பார்த்து எழுதுகிறவர்கள் காட்டியது சூவைத்தான். டிரைவரை எப்படிச் செய்தார்கள், கூட்டை எப்படி அமைத்தார்கள், எப்படி டியூன் செய்தார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. அதைப் பெட்டியில் அச்சடிக்க முடியாது.

“ப்ளூடூத் 5.3.” இது இணைப்பு எப்படி நிற்கும், பெட்டரி எவ்வளவு செலவாகும் என்பதோடு சம்பந்தப்பட்டது. சத்தத்தை எப்படிச் சுருக்கி அனுப்புகிறார்கள் என்பது கோடெக்கின் வேலை. எஸ்பிசி என்ற கோடெக் எல்லாவற்றிலும் கட்டாயம் இருக்கும். ஏஏசியும் பலவற்றில் இருக்கும். 5.0 என்று போட்டிருப்பதும் 5.3 என்று போட்டிருப்பதும் ஒரே எஸ்பிசியில் பாடினால் நம்பரால் சத்தம் மாறாது. எல்சி3 என்ற புதுக் கோடெக் இருக்கிறது, உண்மைதான். ஆனால் போனும் இயர்பட்ஸும் இரண்டுமே அதற்குத் தயாராக இருந்தால்தான் அது வேலை செய்யும்.

“ஈஎன்சி.” இதில் ஏமாறாத ஆளே இல்லை. ஏஎன்சி என்றால் வெளிச்சத்தத்தை உங்கள் காதுக்குக் குறைப்பது. ஈஎன்சி என்றால் நீங்கள் பேசும்போது மைக்கில் விழுகிற இரைச்சலைக் குறைத்து, அந்தப் பக்கம் இருப்பவருக்கு அனுப்புவது. ஈஎன்சி போட்டிருக்கு என்று வாங்கிக்கொண்டு பஸ்ஸில் ஏறினால் எஞ்சின் சத்தம் அப்படியேதான் கேட்கும்.

“20 ஹேர்ட்ஸ் முதல் 20,000 ஹேர்ட்ஸ் வரை.” எல்லாப் பெட்டியிலும் இது இருக்கிறது. மனிதக் காதின் எல்லையைத்தான் அச்சடித்திருக்கிறார்கள். அந்த இடைவெளிக்குள் எது கூடுதலாகக் கேட்கும், எது அமுங்கிப்போகும் என்பதுதான் நமக்குத் தெரிய வேண்டியது. அதைச் சொல்லமாட்டார்கள்.

இதற்கு மேல் யூடியூப் “சவுண்ட் டெஸ்ட்”. ஒருவர் தன் இயர்பட்ஸ் சத்தத்தை மைக்கில் பதிந்து போடுவார். நாம் அதை நம்மிடம் இருக்கிற ஹேண்ட்ஸ்ப்ரீயில் கேட்டுவிட்டு “செம்ம கிளியர்” என்று கொமென்ட் போடுவோம். நாம் கேட்டது நம்ம ஹேண்ட்ஸ்ப்ரீயின் சத்தம், மச்சான். மைக் டெஸ்ட் என்றால் அப்படி ஒப்பிட முடியும். காதுக்குள் வருகிற சத்தத்தை அப்படிக் காட்டவே முடியாது.

காசு கூடினால் சத்தம் கூடுமா?

“காசுக்கேத்த தோசை” என்று உடனே சொல்வார்கள். ஜெரோன் பிரேபார்ட் என்ற ஆய்வாளர் 2017இல் ஒரு வேலை செய்தார். 283 ஹெட்போன்களையும் இயர்போன்களையும் அளந்து, எந்தச் சுருதியை எவ்வளவு பலமாகக் கொடுக்கின்றன என்ற வரைபடத்தையும் கடை விலையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். இரண்டுக்கும் தொடர்பே இல்லை என்று வந்தது. விலை கூடக்கூட நல்ல உறை வரும், நல்ல பட்டன் வரும், பெயர் வரும். சத்தத்தின் சமநிலை அதோடு சேர்ந்து வர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

நமக்கு இது நல்ல செய்தி. குறைந்த காசில் தேடினாலும் கிடைக்கும் என்று அர்த்தம். ஆனால் தேடத் தெரிய வேண்டும்.

வயரில் தேடினால் இன்னும் சுலபமாகக் கிடைக்கும். ஒரு ப்ளூடூத் இயர்பட்ஸின் விலைக்குள் இரண்டு பெட்டரி, இரண்டு சிப், இரண்டு மைக், ஒரு சார்ஜ் பெட்டி, அதற்குள் இன்னொரு பெட்டரி எல்லாம் அடங்க வேண்டும். மிஞ்சினதுதான் சத்தத்துக்கு. வயர் இயர்போனில் கொடுக்கிற காசில் பெரும்பங்கு சத்தத்துக்கே போகலாம். கேஇசட் ஈடிஎக்ஸ் ப்ரோ 10 டொலர் சுற்றி வரும். செவன் ஹேர்ட்ஸ் சல்நோட்ஸ் சீரோ 2022இல் சுமார் 20 டொலருக்கு வந்தது. இரண்டிலும் வயரைக் கழற்றி வேறு வயர் போடலாம். 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 வரை ஏறிய பிறகு 20 டொலரும் நமக்குச் சின்னக் காசு இல்லை, தெரியும். ஆனாலும் இரண்டு மூன்று வருஷத்தில் பெட்டரி செத்து, திறந்து பார்க்கவும் முடியாமல் லாச்சிக்குள்ள கிடக்கிற இயர்பட்ஸோடு ஒப்பிட்டால் எது மலிவு என்று பேர் கணக்கில் போட்டுப் பாருங்கள்.

பேஸ் கேட்கிறவனுக்கே பேஸ் கிடைப்பதில்லை

பேஸ் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 80களின் இளையராஜா பாட்டு ஒன்றைப் போட்டு, பேஸ் கிட்டாரை மட்டும் பின்தொடர்ந்து பாருங்கள். பல பாட்டில் அது தனி மெட்டாகவே ஓடும். ஏறும், இறங்கும், பாடுகிறவருக்குப் பதில் சொல்லும். நல்ல இயர்போனில் அது எந்த ஸ்வரத்தில் நிற்கிறது என்று பிரிந்து கேட்கும். பேஸைக் கூட்டி அடைத்த இயர்பட்ஸில் எல்லா ஸ்வரமும் ஒரே ‘தும்’ ஆகிவிடும். அது இடி. இடியை பேஸ் என்று நம்பி வாங்கிக்கொண்டிருக்கிறோம்.

அந்த இடி தன்னோடு நிற்காது. தாழ்ந்த சுருதிச் சத்தம் பலமாக இருந்தால் அதற்கு மேலே இருக்கிற சுருதிகளைக் காது சரியாகப் பிடிக்காது. காதின் இயல்பே அப்படி. சொற்களை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்துக் காட்டுகிற மெய்யெழுத்துகள் பெரும்பாலும் மேலே, ஆயிரம் ஹேர்ட்ஸைத் தாண்டித்தான் இருக்கின்றன. பாட்டில் குரல் பின்னால் போய், வரி புரியாமல் போவது அதனால்தான். பாட்டை ஆயிரம் தடவை கேட்ட பிறகும் ஒரு வரியைத் தப்பாகப் பாடுகிற நண்பர்கள் எல்லாருக்கும் இருப்பார்கள். குற்றம் அவர்கள் மேல் இல்லை.

நம்ம பெரியவர்களைப் பாருங்கள். லயத்தில் ஒரு வீட்டு ரேடியோவைச் சுற்றி உட்கார்ந்து இலங்கை வானொலி கேட்டவர்கள். அந்த மத்திய அலை ரேடியோவில் பேஸும் இல்லை, மேல் சுருதியும் இல்லை. ஆனால் நடுவில் குரல் இருந்தது. அப்துல் ஹமீதின் தமிழ் சொல் சொல்லாகக் கேட்டது. ரெண்டு செக்கனில் “இது சுசீலாம்மா, இது ஜானகி” என்று அவர்கள் சொல்வது அந்தப் பழக்கத்தால். அந்த ரேடியோ நல்ல கருவி என்று சொல்ல வரவில்லை. எதை விட்டாலும் குரலை விடக்கூடாது என்பது அதற்குத் தெரிந்திருந்தது. நம்ம 13 எம்எம்முக்குத் தெரியவில்லை.

தப்பை வைத்துச் சோதிப்போம்

எனக்குத் தெரிந்த நல்ல சோதனை தப்புதான். கையில் வைத்து அடிக்கிற நம்ம தப்பு.

தப்பில் இரண்டு குச்சி. அடிகுச்சி குட்டையாக, கனமாக இருக்கும். சுண்டுகுச்சி நீளமாக, மெல்லிசாக, வளைகிற மாதிரி இருக்கும். அடிகுச்சி தாளத்தைத் தூக்கும். சுண்டுகுச்சி இடையிடையே புகுந்து ‘சட் சட்’டென்று பேசும். அடிக்கு முன்னால் தீயில் காய்ச்சித் தோலை இறுக்குவார்கள். நம்ம மலையின் ஈரத்துக்கும் பனிக்கும் தோல் சீக்கிரம் தளர்ந்துவிடும், அதனால் திரும்பத் திரும்பக் காய்ச்ச வேண்டும். இவ்வளவு பாடும் அந்தக் கூர்மையான சத்தத்துக்காகத்தான். தப்பு ஒருபோதும் பேஸ் ட்ரம்மாக இருந்ததில்லை.

காமன் கூத்திலோ திருவிழாவிலோ தப்படிப்பதை போனில் பதிந்து வைத்திருப்பீர்கள். கிட்டப் போய் எடுத்தது வேண்டாம், மைக் தாங்காமல் கரகரக்கும். கொஞ்சம் தள்ளி நின்று எடுத்ததைப் போடுங்கள். பேஸ் இயர்பட்ஸில் கேட்டால் அடிகுச்சி மட்டும் ஊதிப் பெருத்துக் கேட்கும். சுண்டுகுச்சி காணாமல் போயிருக்கும். மூன்று நாலு பேர் அடிக்கிற இடத்தில் யார் எங்கே அடிக்கிறார் என்று பிரிக்கவே முடியாது. நல்ல இயர்போனில் ஒவ்வொரு கையும் தனித்தனியாக வரும்.

எனக்கு இதில் இருக்கிற கோபம் இயர்பட்ஸோடு முடிவதில்லை. தோட்டங்களில் விடியக்காலையில் ஆட்களை எழுப்பவும் பிரட்டுக்குக் கூப்பிடவும் தப்படித்த காலம் இருந்தது. சாவுக்கும் சாமிக்கும் கூத்துக்கும் அதுவே. அடித்தவர்களைச் சாதி சொல்லித் தள்ளிவைத்த வரலாறும் அதோடுதான் ஒட்டிக்கொண்டிருக்கிறது. சி.வி. வேலுப்பிள்ளை போன்றவர்கள் தோட்டத்துப் பாட்டுகளைத் தேடித் தேடி எழுதி வைத்ததால் வார்த்தையாவது தாளில் நின்றது. அடியை யாரும் தாளில் எழுதவில்லை; அது காதில்தான் இருக்கிறது. இன்றைக்குத் திருவிழாவில் தேருக்கு முன்னால் தப்பு, பின்னால் லொறியில் டீஜே பொக்ஸ். நம்ம பையன்களே “தப்புல சவுண்டு பத்தல” என்கிறார்கள். தப்பு மாறவில்லை. தினமும் நாலு மணித்தியாலம் இடியை மட்டும் ஊட்டி வளர்த்த காது மாறிவிட்டது. அந்தக் காதுக்குச் சுண்டுகுச்சி கேட்காது. கேட்காததை எவனும் கற்றுக்கொள்ளப் போவதில்லை.

அம்மா குரல்

கொழும்பில் கடையிலும் ஹோட்டலிலும் வேலை செய்கிற நம்ம ஆட்கள் இயர்பட்ஸை எதற்குக் கூடுதலாகப் பாவிக்கிறார்கள்? ராத்திரி வீட்டுக்குக் கோல் எடுக்க. ஏ.எல். படிக்கிற பிள்ளைகள்? சூமில் வகுப்புக் கேட்க. இரண்டிலும் வேண்டியது குரல்.

வழக்கமான ப்ளூடூத்தில் பாட்டுக்கு ஒரு வழி, கோலுக்கு வேறு வழி. மைக் திறந்தவுடன் இயர்பட்ஸ் கோல் வழிக்கு மாறிவிடும். சத்தத்தின் தரம் படாரென்று இறங்கும். பாட்டில் பளபளத்தது கோலில் தகர டப்பாவுக்குள் இருந்து பேசுகிற மாதிரி ஆவது இதனால்தான். வயர் ஹேண்ட்ஸ்ப்ரீயில் இந்த மாற்றம் இல்லை. மைக்கும் காதோரம் இல்லாமல் வாய்க்குக் கிட்ட இருக்கும். சிக்னல் அரைகுறையாக எடுக்கிற தோட்டத்தில் இருந்து அம்மா பேசுவதே விட்டு விட்டு வரும். அதற்கு மேல் நாமும் காசு கொடுத்து ஒரு திரை போட வேண்டுமா?

“ஆனா மச்சான்...”

எதிர்க்கேள்விகளில் நியாயமானவை இருக்கின்றன.

பஸ்ஸில் எஞ்சின் சத்தம் தாழ்ந்த சுருதிகளை விழுங்கிவிடும், அதனால் பேஸ் கொஞ்சம் கூடத்தான் வேண்டும் என்பார்கள். சரிதான். ஹட்டனுக்கும் கொழும்புக்கும் இடையில் பஸ்ஸிலேயே பாதி வாழ்க்கை போகிறவருக்கு ஏஎன்சி உள்ள இயர்பட்ஸ் நியாயமான செலவுதான். அது நல்லா வேலை செய்வதே எஞ்சின் இரைச்சல் மாதிரியான தாழ்ந்த சத்தத்தில்தான். அதற்கு வசதியில்லாவிட்டால் காதுக்குள் சரியாக அடைக்கிற ரப்பர் மூடியைப் போடுங்கள். அது இல்லாமல் வொலியூமை ஏற்றுவதுதான் ஆபத்து. உலக சுகாதார நிறுவனம் வாரத்துக்கு 80 டெசிபலில் 40 மணித்தியாலம் வரை என்று எல்லை சொல்கிறது. 90 டெசிபல் என்றால் அது 4 மணித்தியாலமாகச் சுருங்கிவிடும். ஒரு தடவை கொழும்புக்குப் போகிற பஸ்ஸிலேயே வாரக் கணக்கு முடிந்துவிடும். செவி நரம்புக்கு உதிரிப்பாகம் எந்தக் கடையிலும் இல்லை.

“என் போன்ல ஓட்டையே இல்ல.” டைப் சி ஹேண்ட்ஸ்ப்ரீயும், டைப் சியை 3.5 எம்எம்முக்கு மாற்றுகிற சின்ன வயரும் இருக்கின்றன. ஓட்டையை எடுத்தது நாம் இல்லை, ஆனால் வழி இருக்கிறது.

“வயர் மாட்டினா கஞ்சன்னு நினைப்பாங்க.” இதுதான் உண்மையான காரணம் என்று நினைக்கிறேன். டவுனுக்குப் போகும்போது தோட்டத்துப் பையன் என்று தெரியக்கூடாது. காதில் வெள்ளையாக ஒன்று தொங்கினால் ஒரு மரியாதை. அந்த ஆசையைக் கேலி செய்ய எனக்கு மனசில்லை. அது எங்கிருந்து வருகிறது என்று நம்ம எல்லாருக்கும் தெரியும். ஆனால் அந்த மரியாதைக்கு ஐந்தரைப் பேர் விலை. “இவனுங்களுக்குக் குத்தும் பேஸும் போதும்” என்று நம்மைப் பற்றி நினைத்து அனுப்பப்படுகிற சரக்கை நாமே கேட்டு வாங்கினால், அந்த நினைப்பை நாமே உறுதி செய்கிறோம்.

அடுத்த முறை கடைக்குப் போனால்

உங்கள் போனில் மூன்று பதிவு வைத்துக்கொண்டு போங்கள். நீங்கள் வரி வரியாக அறிந்த ஒரு பாட்டு. தள்ளி நின்று எடுத்த தப்பு. வீட்டில் யாராவது பேசிய ஒரு குரல் பதிவு. கடைக்காரரின் பாட்டு வேண்டாம்; அது அந்த இயர்பட்ஸுக்காகத் தேர்ந்தெடுத்த பாட்டு.

முதலில் ரப்பர் மூடியை மாற்றிப் பாருங்கள். காதை அடைக்காவிட்டால் எந்த இயர்போனிலும் பேஸ் ஓடிவிடும். “பேஸ் இல்லை” என்று ஒதுக்கப்பட்டவற்றில் எத்தனையோ வெறும் மூடி அளவு பிழையால் ஒதுக்கப்பட்டவை.

இரண்டையும் ஒரே அளவு சத்தத்தில் வையுங்கள். இதுதான் முக்கியம். ஒன்று கொஞ்சம் கூடுதலாகச் சத்தம் போட்டாலே அது நல்லது என்று காது சொல்லும். கடையில் வொலியூமை முழுசா ஏற்றுவதன் ரகசியமும் இதுதான்.

பிறகு குறைந்த வொலியூமில் கேளுங்கள். குரல் முன்னால் நிற்கிறதா? ‘ச’வும் ‘ஷ’வும் குத்தாமல் வருகின்றனவா? பேஸ் கிட்டார் ஸ்வரமாக வருகிறதா, வெறும் இடியாக வருகிறதா? சுண்டுகுச்சி இருக்கிறதா? ஐந்து நிமிஷம் போதும். மாட்டிப் பார்க்க விடாத கடையென்றால் அடுத்த கடைக்குப் போங்கள்.

கடைக்காரர்கள் நாம் கேட்பதைத்தான் எடுத்து வைப்பார்கள். பத்துப் பேர் சேர்ந்து “அண்ணே, குரல் தெளிவா கேக்குமா?” என்று கேட்க ஆரம்பித்தால் ஆறு மாசத்தில் அந்தக் கண்ணாடி அலுமாரியில் இருக்கிற சரக்கு மாறும். கொழுந்து நிறுக்கும்போது கணக்கப்பிள்ளை அரைக் கிலோ குறைத்துப் போட்டால் தராசைப் பார்த்துச் சண்டை போடுகிற சனத்தின் பிள்ளைகள் நாம. காதுக்கும் ஒரு தராசு இருக்கிறது. அதையும் பார்த்து வாங்குவோம்.